பெயர் எழுத வேண்டாம்

கையெழுத்தைப் பார்த்து ஆளைச் சொல்வதில் எனக்கு ஒரு கர்வம் இருந்தது. கல்வி ஆபீஸில் ஒரே நாற்காலியில் வருஷக் கணக்காக உட்கார்ந்து ஆசிரியர்களின் விடுப்புக் கடிதங்களைப் பிரித்தவன் நான். வயிற்றுவலி, அம்மை, பிள்ளைப்பேறு, மாமனார் சாவு என்று எல்லாம் என் மேசை வழியாகத்தான் போகும். சில மாமனார்கள் இரண்டு தடவை செத்திருக்கிறார்கள். உறையைப் பிரிக்கும் முன்பே முகவரி எழுதியிருக்கும் அழகைப் பார்த்து, இது இன்ன ஊர் வாத்தியார் என்று சொல்லிவிடுவேன். பிரித்தால் அவராகத்தான் இருப்பார். பக்கத்து சீட்டுக்காரர்கள் கைதட்டுவார்கள். குமாஸ்தாவுக்கு யார் கைதட்டுவார்கள்? அதனால் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

ஆபீஸ் எந்த ஊரில் இருந்தது என்று சொல்லப்போவதில்லை. அரியலூருக்கும் பெரம்பலூருக்கும் நடுவில் எங்கோ என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்போது எல்லாமே திருச்சி மாவட்டம்தான். ஊரைச் சொன்னால் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். கண்டுபிடித்தால் என்ன ஆகும் என்பது என்னைவிட நன்றாக யாருக்கும் தெரியாது.

எண்பதுகளின் ஆரம்பத்தில் மேலிடத்திலிருந்து ஓர் உத்தரவு வந்தது. எங்கள் கல்வி மாவட்டத்துக்கு அடுத்த ஐந்து வருஷத்துக்கான திட்டம் ஒன்று தயாரிக்க வேண்டும். அதை ஆபீஸில் உட்கார்ந்து எழுதக்கூடாது, ஆசிரியர்களிடமும் பெற்றோர்களிடமும் கருத்துக் கேட்டு எழுத வேண்டும். எங்கள் அதிகாரி அந்த உத்தரவை இரண்டு தடவை வாசித்தார். அவர் கெட்டவர் இல்லை. கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிப் படித்து மேலே வந்தவர். "உண்மையாவே கேட்டுரலாம்யா. பேரு போடச் சொன்னா எவனும் வாயத் தொறக்க மாட்டான். பேரு வேணாம்னு போடு" என்றார்.

அப்படித்தான் அந்த ஃபாரம் பிறந்தது. ஸ்டென்சில் தாளில் டைப் அடித்து, சைக்ளோஸ்டைல் மெஷினை நானே சுற்றி, கையெல்லாம் மையாகி நூற்றுக்கணக்கில் எடுத்தேன். தலைப்பில் 'ஆசிரியர் / பெற்றோர் (தேவையற்றதை அடிக்கவும்)' என்று ஒரு வரி. அதன் கீழே பெரிய எழுத்தில் 'பெயர் எழுத வேண்டாம்'. பிறகு ஒரே ஒரு கேள்வி: 'தங்கள் பகுதியில் கல்வி மேம்பாட்டிற்கு இடையூறாக உள்ள காரணிகளை முன்னுரிமைப்படி குறிப்பிடுக'. முந்திரிக் காட்டில் கூலிக்குப் போகிறவளும் சுண்ணாம்புக்கல் உடைக்கிறவனும் இதைப் படித்து எப்படிப் பதில் எழுதுவார்கள் என்று அதிகாரியும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. கேள்வி இலக்கணச் சுத்தமாக இருந்தது. எங்களுக்கு அது போதும்.

ஃபாரம் போடப் பெட்டி வேண்டும். பெட்டி செய்யக் காசு இல்லை. சத்துணவுக் கூடங்களில் காலியாகக் கிடந்த எண்ணெய் டின்களை எடுத்து, மேல் மூடியில் உண்டியல்போலக் கீறி, வாயை அரக்கால் ஒட்டி, பள்ளிக்கு ஒன்றாக வைக்கச் சொன்னோம். ஒரு வாரம் கழித்து ஃபாரங்கள் டின்னோடு ஆபீஸுக்கு வந்துவிட வேண்டும். சில ஊர்களில் மட்டும் அதிகாரியே நேரில் போய்க் கூட்டம் போட்டார். குறிப்பெடுக்க நான் கூடப் போனேன்.

அதில் ஒரு கூட்டம் ஆண்டிமடம் பக்கத்தில் ஒரு கிராமத்தில் நடந்தது. பங்குனி மாதம். இரண்டு பக்கமும் முந்திரிக் காடு, காற்றெல்லாம் பழுத்த முந்திரிப் பழத்தின் புளிச்ச வாடை. பள்ளிக்கூடத்து முற்றத்தில் பெஞ்சு போட்டிருந்தார்கள். ஊரில் பாதிக் காட்டுக்குச் சொந்தக்காரரான பெரியவர் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக் கமிட்டிக்கும் அவர்தான் தலைவர். தலைமையாசிரியர் அவர் பின்னால் நின்றார். உட்கார நாற்காலி இருந்தும் நின்றார். மற்ற ஊர்க்காரர்கள் பெஞ்சிலும் தரையிலும் இருந்தார்கள். காலனிக்காரர்கள் முற்றத்துக்கு வெளியே, வேலியோரம். யாரும் அவர்களை அங்கே நிற்கச் சொல்லவில்லை. உள்ளே வரச் சொல்லவும் இல்லை.

அதிகாரி அழகாகப் பேசினார். இது உங்கள் திட்டம், உங்கள் வாயால் சொல்லுங்கள் என்றார். பெரியவர் எழுந்திருக்காமலே, "எங்க பள்ளிக்கூடத்துக்கு மொதல்ல ஒரு சுத்துச்சுவர் வேணுங்க. ஆடு மாடு உள்ள வருது. அப்புறம் ஆண்டு விழாவுக்கு ஒரு மேடை" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். ஆடு மாடு வருவதால் எந்தப் பிள்ளைக்குக் கணக்கு வராமல் போயிற்று என்று தெரியவில்லை. நான் எழுதிக்கொண்டேன்.

"வேற யாராச்சும் சொல்லணுமா?" என்று அதிகாரி வேலிப் பக்கம் பார்த்துக் கேட்டார். கேட்டதை இன்றைக்கும் மறுக்க மாட்டேன். வேலியோரம் நின்ற ஒரு பெண் கையைத் தூக்கினாள். முழுதாகத் தூக்கவில்லை, இடுப்புக்கு மேலே, நெஞ்சு வரைக்கும்தான். பெரியவர் கழுத்தை மட்டும் திருப்பிப் பார்த்தார். அந்தக் கை போய் முந்தானையைச் சரிசெய்தது. சரிசெய்யத்தான் தூக்கியதுபோல. அதிகாரி அதைப் பார்க்கவில்லை. நான் பார்த்தேன். குறிப்பேட்டில் 'பிற கருத்துகள்: இல்லை' என்று எழுதினேன்.

அந்தப் பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் இருந்தார். மூன்றாம் வகுப்பு. சுவரோரமாக நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அவரைவிட அவர் எழுத்து நல்ல பழக்கம். கணவருக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது, அதனால் விடுப்புக் கடிதம் அடிக்கடி வரும். 'அன்புகூர்ந்து அனுமதிக்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்' என்று ஒரு சந்திகூடப் பிசகாமல் முத்து முத்தாக எழுதியிருப்பார். ஒருமுறை சம்பள விஷயமாக ஆபீஸுக்கு வந்தபோது, "டீச்சர், மாவட்டத்துலயே உங்க எழுத்துதான் எழுத்து. ஆயிரம் தாளுக்கு நடுவுல வெச்சாலும் எடுத்துருவேன்" என்று சொன்னேன். சிரித்தார். வீட்டில் படுத்துக்கிடக்கும் ஆளை வைத்துக்கொண்டு அவர் சிரித்து நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

கூட்டம் முடிந்து கிளம்பும்போது எங்களுக்கு ஆளுக்கொரு பொட்டலம் முந்திரிப் பருப்பு கொடுத்தார்கள். பெரியவர் களத்தில் உடைத்த பருப்பு, வெள்ளை வெளேரென்று முழுசு முழுசாக இருந்தது. தமிழ் வருஷப் பிறப்புக்கு வீட்டில் பாயசத்தில் போட்டோம். என் மகள் பருப்பை மட்டும் பொறுக்கிப் பொறுக்கித் தின்றாள்.

டின்கள் வந்து சேர்ந்தன. ஒரு மூலையில் அடுக்கி வைத்ததும் ஆபீஸே பலகாரக் கடைபோல நாறியது. எல்லா ஃபாரத்திலும் எண்ணெய்க் கறை. முக்கால்வாசி டின்களில் ஆசிரியர்களே பெற்றோர்களுக்காகவும் எழுதிப் போட்டிருந்தார்கள். கட்டடம் வேண்டும், நாற்காலி வேண்டும், பள்ளிக்குக் கடிகாரம் வேண்டும். சில பள்ளிகளில் ஒரே ஆள் இடது கையாலும் வலது கையாலும் மாற்றி மாற்றி எழுதியிருந்தார். டின் காலியாகப் போனால் மெமோ வரும் என்று பயம்.

அவற்றை வகை பிரித்து அட்டவணை போடுவது என் வேலை. இரண்டு நாளிலேயே சலித்துவிட்டது. மூன்றாம் நாள் பக்கத்து சீட்டுக்காரர், "என்னய்யா, பேரு போடாம வந்துருக்கு. இப்பச் சொல்லு பாக்கலாம் ஒன் சாமர்த்தியத்த" என்று சீண்டினார். சும்மா இருந்த சங்கை ஊதிக் கெடுத்தது அவர்தான் என்று பல நாள் அவர்மேல் பழியைப் போட்டுப் பார்த்தேன். நிற்கவில்லை. அவர் ஊதச் சொன்னார், அவ்வளவுதான். ஊதியது நான்.

ஒவ்வொன்றாக எடுத்து, இது விக்கிரமங்கலம் பக்கத்து ஹெட்மாஸ்டர், இது லப்பைக்குடிக்காட்டுக்குப் போகிற வழியில் ஒற்றை ஆசிரியர் பள்ளி, இது பாட்டு டீச்சர் என்று சொல்லிக்கொண்டே போனேன். சிரிப்பும் சத்தமும் கேட்டு அதிகாரி அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். கோபித்துக்கொள்வார் என்று நினைத்தோம். அவருக்கும் வேடிக்கையாகிவிட்டது. "பெரிய ரேகை சாஸ்திரியா நீ?" என்று என் மேசையோரம் வந்து நின்றார். பெயர் எழுத வேண்டாம் என்று போடச் சொன்னவரே பக்கத்தில் நின்று பெயர் கேட்டார். எங்கள் யாருக்கும் அது உறைக்கவில்லை.

அப்போது கையில் வந்தது ஆண்டிமடம் பக்கத்துப் பள்ளியின் ஃபாரம். ஒரு தாள் முழுக்க, நெருக்கி நெருக்கி எழுதியது. படிக்கவே இல்லை. எழுத்தைப் பார்த்த மாத்திரத்தில் டீச்சர் என்று தெரிந்துவிட்டது. அதிகாரி கையிலிருந்து வாங்கிப் படித்தார். படிக்கப் படிக்க அவர் முகத்திலிருந்த சிரிப்பு போய்விட்டது.

"இது யாரு?"

சொன்னேன்.

"நிச்சயமாவா? 'ஆசிரியர்'ங்கறத அடிச்சுருக்கே. 'பெற்றோர்'னு இல்ல விட்டுருக்கு?"

"அதுதான் சார் தந்திரம். ஆளு தெரியக் கூடாதுன்னு அடிச்சுருக்காங்க. எழுத்த அடிக்க முடியுமா?" என்றேன்.

பக்கத்து சீட்டுக்காரர் தொடையில் தட்டிச் சிரித்தார். அதிகாரி சிரிக்கவில்லை. ஃபாரத்தை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அறைக்குள் போய்விட்டார். அட்டவணையில் அந்தப் பள்ளிக்கு நேரே என்ன போடுவது என்று போய்க் கேட்டேன். "சுத்துச்சுவர், மேடை. அதான் கூட்டத்துல சொன்னாங்களே" என்றார். "இது மேல போச்சுன்னா என் தலதான் உருளும். டீச்சருங்கள வெச்சு ஊரக் கெடுக்குறாங்க" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

இரண்டு நாள் கழித்து, அதிகாரி சொல்லியனுப்பிப் பெரியவர் ஜீப்பில் வந்தார். அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பேசினார்கள். வெளியே வரும்போது என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டுப் போனார். எதற்கு என்னைப் பார்த்து அசைத்தார் என்று நினைத்தபோதுதான், நான் சொன்ன பெயர் அவர் காதுவரை போய்விட்டது என்று முதல்முறையாக உறைத்தது. மறுநாள் டீச்சருக்கு மாறுதல் உத்தரவு எழுதச் சொன்னார்கள். 'நிர்வாக நலன் கருதி' என்று தொடங்கும் உத்தரவு. பெரம்பலூரையும் தாண்டி, பச்சைமலை அடிவாரத்தில் ஒரு பள்ளி. ஆண்டிமடத்திலிருந்து போக மூன்று பஸ் மாற வேண்டும். படுக்கையில் கிடக்கும் புருஷனைக் காலையில் திருப்பிப் போட்டு, கஞ்சி ஊட்டிவிட்டுப் போய்த் திரும்ப முடியாத தூரம். அதை அறிந்தேதான் அந்த ஊரைத் தேர்ந்தெடுத்திருந்தார்கள். அவர் வீட்டு நிலைமை முழுவதும் அவருடைய விடுப்புக் கடிதங்களிலிருந்து எனக்குத் தெரியும். அந்த உத்தரவை என் நல்ல எழுத்தில், ஒரு சந்தியும் பிசகாமல் எழுதினேன்.

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். நுணல் நான். கெட்டது வேறொருத்தர்.

உத்தரவு கிடைத்த நாலாம் நாள் டீச்சர் ஆபீஸுக்கு வந்தார். அதிகாரி அறைக்குள் கால் மணி நேரம் இருந்தார். வெளியே வந்து, நேராக வாசலுக்குப் போகாமல், என் மேசைக்கு எதிரே வந்து நின்றார். நான் ஏதோ கோப்பில் நூல் கோத்துக்கொண்டிருந்தேன். கோத்த நூலையே திரும்பத் திரும்பக் கோத்தேன்.

"ஒக்காருங்க டீச்சர்."

"வேணாம் சார். அவரத் தனியா வுட்டுட்டு வந்துருக்கேன். போவணும்."

நூல் கோக்கும் என் கையைப் பார்த்தார்.

"என் எழுத்து இந்த ஆபீஸ்ல ஒங்களத் தவிர வேற யாருக்கும் தெரியாதுங்க சார்" என்றார்.

குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் எனக்கு வசதியாக இருந்திருக்கும். நானும் பதிலுக்குக் கத்தியிருக்கலாம். "டீச்சர், நான் வெளயாட்டா..." என்று ஆரம்பித்தேன்.

"'ஆசிரியர்'ங்கறத அடிச்சிருந்தேனே சார். பாக்கலியா?"

"பாத்தேன்."

"அது என் கருத்து இல்ல. ஒரு அம்மா வந்து சொல்லச் சொல்ல எழுதுனேன். அவங்களுக்கு எழுதத் தெரியாது. ஃபாரத்துல பெற்றோரும் எழுதலாம்னு நீங்கதானே போட்டிருந்தீங்க. எழுதத் தெரியாதவங்க என்ன பண்றதுன்னு போடலியே."

உள்ளே அதிகாரி என்ன சொன்னார் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"எந்த அம்மான்னு பேரச் சொன்னா ஆர்டர ரத்து பண்றேன்னாரு. அந்த அம்மா கூலிக்குப் போறதும் பெரியவரு காட்டுக்குத்தான், இருக்கற குடிசையும் அவரு பொறம்போக்கு, நெனச்சா எடுத்துருவேன்னு சொல்ற எடத்துலதான். சொல்ல முடியுமா சார்?" என்றவர், கைப்பையைத் தோளில் மாட்டிக்கொண்டே, "நீங்க அதப் படிச்சீங்களா?" என்றார்.

நான் மறுபடியும் கோப்பு நூலை எடுத்தேன். அவர் என் முகத்திலிருந்தே தெரிந்துகொண்டார். "படிச்சுருக்கலாம் சார்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

அன்றைக்கு மத்தியானம் அதிகாரி சாப்பிடப் போன நேரத்தில் அவர் மேசை இழுப்பறையைத் திறந்தேன். பூட்டியிருக்கவில்லை. நான்காக மடித்த அந்தத் தாள் பாக்குப் பொட்டலத்துக்கு அடியில் கிடந்தது. நின்றபடியே படித்தேன். இன்றைக்கும் அது எனக்கு மனப்பாடம்.

'எம் மவ மூணாங் கிளாஸ் படிக்குது. காலையில பேரு கூப்புட்ட ஒடனே எங்க தெருப் புள்ளைங்கள மட்டும் பெரியவூட்டுக் களத்துக்கு முந்திரிக் கொட்டை ஒடைக்க அனுப்பிடுறாங்க. மத்தியானம் சோத்து நேரத்துக்குத்தான் திரும்பி வருது. வந்ததா பேரு எழுதிக்கறாங்க. கொட்டை எண்ணெ பட்டு கைத்தோலு உரிஞ்சு கெடக்கு. பெரியவங்க சாம்பலத் தொட்டுக்கிட்டு ஒடைப்போம். புள்ளைங்களுக்குச் சாம்பல்கூடக் குடுக்கறதில்ல. பலப்பம் புடிக்க முடியல. சோறு பெசஞ்சா எரியுதுன்னு அழுவுது. கொட்டை ஒடைக்கத்தான்னா நான் எங்கூடவே கூட்டிக்கிட்டுப் போயிருப்பேன், கூலியாவது கெடைக்கும். எம் மவ கை என் கையாட்டம் ஆவக் கூடாதுன்னுதான் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புனேன்.'

அவ்வளவுதான். எங்கள் கேள்விக்கு அதைவிட நேரான பதில் எந்த டின்னிலும் இல்லை. அன்புகூர்ந்து என்றும் பணிவுடன் என்றும் எழுதுகிற டீச்சர், அந்த அம்மாவின் வாய்ச் சொல்லை ஒரு எழுத்தும் மாற்றாமல் அப்படியே எழுதியிருந்தார். முதல் வரியைப் படித்திருந்தாலே இது டீச்சர் பேச்சு இல்லை என்று ஒரு சின்னப் பிள்ளைகூடச் சொல்லியிருக்கும். நான் எழுத்தைப் பார்த்தேன். எழுதியிருந்ததைப் படிக்கவில்லை. இத்தனை வருஷமாக எத்தனை ஆயிரம் கடிதங்களை அப்படிப் பார்த்திருப்பேன் என்று நினைத்தபோது எனக்கு என்மேலேயே அருவருப்பு வந்தது.

வீட்டுப் பாயசம் நினைவுக்கு வந்தது. அதை எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். வந்தது, எழுதுகிறேன்.

இதற்குப் பிறகு நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். தாளை மடித்த மடிப்பிலேயே மடித்து, பாக்குப் பொட்டலத்துக்கு அடியில் வைத்தேன். டீச்சர் வந்து ஒப்புக்கொள்வதற்கு முன்பே அதிகாரியிடம் போய், சார் நான் தப்பாகச் சொல்லிவிட்டேன், அது அந்த டீச்சர் எழுத்து இல்லை என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். கையெழுத்து விஷயத்தில் மாவட்டத்தில் என் சொல்லைத் தட்ட ஆள் கிடையாது. அந்த ஒரு பொய்யில் மாறுதல் நின்றிருக்கும். உத்தரவு எழுதிய பிறகு இரண்டு நாள் அந்தப் பொய்யை வாய்க்குள் வைத்துக்கொண்டு அறை வாசல் வரை போய்ப் போய் வந்தேன். கடைசியில் சொல்லாமல் போனதற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை. தப்பாகச் சொல்லிவிட்டேன் என்று சொன்னால் என் பெயர் கெட்டுவிடுமே என்றும் ஒரு நினைப்பு இருந்தது. சொல்லவே வெட்கமாக இருக்கிறது. ஒரு குடும்பத்துக்கு எதிர்த்தட்டில் நான் வைத்தது அதைத்தான்.

திட்டம் தயாராகிவிட்டது. பச்சை அட்டை போட்டு, 'அடித்தள மக்களின் கருத்துகளைத் திரட்டி உருவாக்கப்பட்டது' என்று முன்னுரை எழுதி திருச்சிக்கு அனுப்பினோம். முன்னுரையை எழுதியது நான்தான். நன்றாக இருக்கிறது என்று அங்கிருந்து பாராட்டுக் கடிதம் வந்தது.

டீச்சர் மலையடிவாரத்தில் ஒரு வீடு பார்த்துக் கணவரையும் கூட்டிக்கொண்டு போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன். அவரை எப்படி மூன்று பஸ்ஸில் ஏற்றி இறக்கினார் என்று யாரும் சொல்லவில்லை. ஐப்பசி அடைமழையில் ஒரு நாள் தபாலில் அந்த எழுத்து வந்தது. உறையைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. இந்த முறை வாய்விட்டு யார் என்று சொல்லவில்லை. பிரித்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன். 'என் கணவர் நேற்று முன்தினம் காலமாகிவிட்டபடியால் பதினாறு நாள் விடுப்பு அன்புகூர்ந்து வழங்குமாறு பணிவுடன் வேண்டுகிறேன்.' ஒரு சந்திகூடப் பிசகவில்லை. பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்த ஊரிலிருந்து அவர்களை அவ்வளவு தூரம் தள்ளிப் போட்ட உத்தரவின் நகல் என் பீரோவில் இருந்தது. விடுப்பை அனுமதிக்கலாம் என்று குறிப்பு எழுதினேன். எழுத்து கோணலாகப் போயிற்று. அதைக் கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாளில் எழுதினேன்.

அடுத்த பங்குனியில் அந்த ஊருக்கு மறுபடியும் போக வேண்டி வந்தது. எங்கள் திட்டத்தில் முதலில் கைகூடியது அந்தப் பள்ளியின் சுற்றுச்சுவர்தான். வேலை எந்த மட்டில் இருக்கிறது என்று பார்த்து வரச் சொன்னார்கள். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தது. பெரியவர் தெருப் பக்கம் பெரிய வாசல். காலனியிலிருந்து பிள்ளைகள் வரும் ஒற்றையடிப் பாதை சுவரில் வந்து முட்டி நின்றது. அங்கே வாசல் விடவில்லை. கொத்தனாரிடம் கேட்டேன். "பிளான்ல இல்லீங்க" என்றார். பிளானில் இல்லைதான். அந்த அட்டவணை என்னுடையது.

திரும்பும்போது அந்தப் பாதையோரம் ஒரு பெண் தலையில் முந்திரிக் கூடையோடு நின்றிருந்தாள். பின்னால் அவள் மகள், எட்டு ஒன்பது வயசு இருக்கும், அவளும் ஒரு சின்னக் கூடையோடு. நெஞ்சு வரைக்கும் தூக்கிய அந்தக் கையை எனக்கு அடையாளம் தெரிந்தது. அவளுக்கும் என்னைத் தெரிந்திருந்தது.

"ஐயா, அன்னிக்குக் கூட்டத்துல எல்லாத்தையும் எழுதிக்கிட்டவங்கதானே நீங்க?"

"ஆமாம்மா."

கூடையை இறக்கி வைத்தாள். சுற்றிலும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"நான் ஒன்னு சொல்லி டீச்சரம்மா எழுதி டின்னுல போட்டாங்க. அது ஆபீஸுக்கு வந்துச்சுங்களா?"

"வந்துச்சு."

"படிச்சாங்களா?"

"படிச்சாங்க" என்றேன். அதில் பொய் இல்லை. அதிகாரி படித்தார், பெரியவர் படித்தார், காலங்கடந்து நானும் படித்தேன்.

"ஒன்னும் நடக்கலியே ஐயா. டீச்சரம்மா இருந்தவரைக்கும் அவங்க வகுப்புப் புள்ளைங்களக் களத்துக்கு வுடாம மல்லுக்கட்டிப் பாத்தாங்க. அவங்களுக்கு எங்கியோ நல்ல ஊராப் பாத்து மாத்தல் கெடச்சுட்டுதாமே. ஹெட்மாஸ்டரு சொன்னாரு. போறப்ப எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லல. போவட்டும், வூட்டுக்காரரு முடியாத ஆளு, நல்ல எடத்துல இருந்தா சரிதான்" என்றாள்.

உண்மையைச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். உன் பெயரைச் சொல்லாததற்காக அவர் போனார், போன இடத்தில் புருஷனை எரித்தார் என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால், அவரைக் காட்டிக் கொடுத்தது யார் என்று அடுத்த கேள்வி வரும்.

மகளைப் பார்த்து, "பள்ளிக்கூடம் போவலியா பாப்பா?" என்று கேட்டேன். அது தாயின் பின்னால் ஒளிந்துகொண்டது. கூடையின் விளிம்பைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் தெரிந்தன. தோல் உரிந்து, உரிந்த இடம் கறுத்து, மறுபடி உரிந்து, கிழவியின் விரல்போல இருந்தன.

"நிறுத்திட்டேன் ஐயா. எப்படியும் கொட்டைதான் ஒடைக்கணும்னா எங்கூட வந்து ஒடைக்கட்டும். சாம்பலாச்சும் தொட்டு வுடுவேன்ல" என்றவள், கொஞ்சம் நெருங்கி வந்து குரலைத் தாழ்த்தினாள். "ஆனா இதுக்குப் படிக்கணும்னு ஆசதான். டீச்சரம்மா போனப்பறம் எழுதிக் குடுக்க இங்க ஆளு இல்ல. நீங்கதான் நல்லா எழுதுவீங்களே. இன்னொருக்கா ஒரு காயிதம் எழுதிக் குடுங்க ஐயா. நான் சொல்லச் சொல்ல அப்படியே எழுதுனாப் போதும். பேருகூடப் போட வேணாம்."

பேனா சட்டைப் பையில் இருந்தது. கையிலிருந்த ஃபைலில் வெற்றுத் தாளும் இருந்தது. பத்து வரி. பத்து நிமிஷ வேலை. ஆனால் என் எழுத்து அதிகாரிக்குத் தெரியும், பக்கத்து சீட்டுக்காரருக்குத் தெரியும், மாறுதல் உத்தரவு வாங்கிய ஒவ்வொருவருக்கும் தெரியும். ஆயிரம் தாளுக்கு நடுவில் வைத்தாலும் எடுத்துவிடுவார்கள்.

"கடைசித் தேதி முடிஞ்சுபோச்சும்மா" என்றேன்.

அவள் அதை நம்பினாள். ஆபீஸ் ஆள் சொன்னால் அப்படித்தான் இருக்கும் என்று தலையாட்டிவிட்டுக் கூடையைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டாள்.

"அடுத்த தடவ எப்ப ஐயா கேக்க வருவீங்க?"

"வருவோம்மா" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸைப் பிடிக்க வேகமாக நடந்தேன்.